லிபியாவில் வெளிநாட்டுப் படைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிபியா என்று பேச்செடுத்தாலே என்னிடம் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கடாபி நல்லவரா கெட்டவரா, நேட்டோ (அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணி) செய்தது சரியா தப்பா, எல்லாம் எண்ணெய்க்காகத்தானே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று பட்டது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன, அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

லிபியா எங்கே இருக்கு? அங்கே யாருக்கும் யாருக்கும் சண்டை?

வட ஆப்பிரிக்காவில், மத்தியதரைக் கடலோரத்தில். கிழக்கே எகிப்து, மேற்கே துனீசியாவும் அல்ஜீரியாவும், தெற்கே சஹாரா பாலைவனம். பரப்பில் இந்தியாவில் பாதிக்கு மேல் வரும், ஆனால் 2011இல் மக்கள்தொகை சுமார் 60 லட்சம்தான். ஆப்பிரிக்காவிலேயே அதிக எண்ணெய் வளம் உள்ள நாடு. தலைநகர் திரிபோலி மேற்கில் இருக்கிறது. இரண்டாவது பெரிய நகரமான பெங்காசி கிழக்கில். இந்த மேற்கு, கிழக்கு வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

சண்டை இரண்டு கட்டமாக நடந்தது. 2011இல் கடாபி அரசுக்கும் அதை எதிர்த்த கிளர்ச்சியாளர்களுக்கும். 2014 முதல் 2020 வரை, அந்தக் கிளர்ச்சியில் வென்றவர்களே மேற்கு, கிழக்கு என்று பிரிந்து போட்ட சண்டை. முதல் கட்டத்தில் நேட்டோ தலையிட்டது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது கட்டத்தில் தலையிட்ட நாடுகள் இன்னும் அதிகம். நம் ஊர்ப் பத்திரிகைகளில் அது மிகக் குறைவாகவே வந்தது.

கடாபி எத்தனை வருஷம் ஆண்டார்? எப்படி ஆட்சிக்கு வந்தார்?

1969 செப்டம்பர் 1 அன்று மன்னர் இத்ரிஸ் வெளிநாட்டில் இருந்தபோது இளம் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். அவர்களுக்குத் தலைவர் முஅம்மர் கடாபி. அப்போது அவருக்கு 27 வயது. அதன்பின் 42 ஆண்டுகள். 1988இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே அமெரிக்க விமானம் வெடித்து 270 பேர் இறந்த வழக்கில் லிபியாமீது பழி விழுந்தது. பல ஆண்டுகள் ஐ.நா. தடையில் கிடந்தது நாடு. 2003இல் கடாபி இழப்பீடு தர ஒப்புக்கொண்டு, அணு ஆயுதத் திட்டத்தையும் கைவிட்டார். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் அவரைத் தேடிப்போய்க் கை குலுக்கினார். 2007இல் பாரிஸில் அவருக்கு அரசு வரவேற்பு. நான்கே ஆண்டுகளில் அதே பிரான்ஸின் விமானங்கள் குண்டு போட வந்தன.

மின்சாரம் இலவசம், படிப்பு இலவசம், கல்யாணம் பண்ணினா வீட்டுக்குப் பணம்னு வாட்ஸ்அப்ல வருதே, அது உண்மையா?

அந்தப் பட்டியலில் உண்மையும் இருக்கிறது, ஊதிப் பெருக்கியதும் இருக்கிறது. பள்ளிப்படிப்பும் அரசு மருத்துவமும் இலவசம் என்பது உண்மை. பெட்ரோல், மின்சாரம், ரொட்டி எல்லாம் அரசு மானியத்தில் மிக மலிவு. சஹாராவுக்கு அடியில் கிடக்கும் தண்ணீரைப் பெரிய குழாய்களில் கடற்கரை நகரங்களுக்குக் கொண்டுவந்த திட்டமும் உண்மை, பெரிய சாதனையும்கூட. எழுத்தறிவிலும் ஆயுட்காலத்திலும் ஆப்பிரிக்காவின் முன்வரிசையில் இருந்தது லிபியா. 60 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 16 லட்சம் பீப்பாய் எண்ணெய் என்று கணக்குப் போட்டால் இது நடக்க வேண்டியதுதான்.

ஆனால் அந்த வாட்ஸ்அப் செய்தியில் அபு சலீம் சிறை வராது. 1996 ஜூனில் திரிபோலியின் அந்தச் சிறையில் சுமார் 1,200 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. பெரும்பாலானோர் அரசியல் கைதிகள். குடும்பங்களுக்குப் பல ஆண்டுகள் செய்தியே சொல்லவில்லை. மகன் இறந்தது தெரியாமல் தாய்மார்கள் சிறை வாசலில் துணியும் சாப்பாடும் கொடுத்துவிட்டுப் போனார்கள், காவலர்களும் வாங்கிக்கொண்டார்கள். அரசியல் கட்சி தொடங்குவதே குற்றம், அதற்கு மரண தண்டனைவரை போகலாம் என்று 1972இலிருந்தே சட்டம் இருந்தது. இலவசக் கல்வியையும் இந்தச் சிறையையும் ஒரே ஆள்தான் கொடுத்தார். இரண்டையும் சேர்த்துத்தான் அவரை எடைபோட வேண்டும்.

அப்போ மக்கள் எழுந்ததுக்கு அந்தச் சிறைதான் காரணமா?

தீப்பொறி அங்கிருந்துதான் வந்தது. 2011 ஜனவரியில் துனீசியாவின் அதிபர் நாட்டைவிட்டு ஓடினார், பிப்ரவரி 11இல் எகிப்தின் முபாரக் பதவி விலகினார். பிப்ரவரி 15 அன்று, அபு சலீம் குடும்பங்களின் வழக்கறிஞர் ஃபாத்தி தர்பிலை பெங்காசியில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அந்தக் குடும்பங்கள் தெருவில் இறங்கின. அரசு சுட்டது. சவ ஊர்வலங்களிலும் சுட்டது. ஒரே வாரத்தில் பெங்காசி அரசின் கையைவிட்டுப் போனது. உள்துறை அமைச்சரும் நீதி அமைச்சரும் கிளர்ச்சியாளர் பக்கம் வந்துவிட்டார்கள். நீதி அமைச்சராக இருந்த முஸ்தபா அப்துல் ஜலீல் தலைமையில் ஓர் இடைக்காலத் தேசிய மன்றம் உருவானது.

ஆக, இது வெளிநாட்டார் கிளப்பிவிட்ட எழுச்சி இல்லை. வெளிநாடுகள் வந்தது அதற்கு அப்புறம்.

வெளிநாட்டுப் படை வர யார் அனுமதி கொடுத்தது?

ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில். பிப்ரவரி 26இல் 1970ஆம் எண் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஆயுத விற்பனைக்குத் தடை, கடாபி குடும்பத்தின் சொத்து முடக்கம், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற விசாரணை எல்லாம் அதில் வந்தன. இந்தியாவும் ஆதரித்தது. மார்ச் 12இல் அரபு லீக், லிபியாவின் வான்வெளியில் விமானம் பறக்கத் தடை வேண்டும் என்று கேட்டது. மற்ற அரபு நாடுகளே கேட்டதால் ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போடத் தயங்கின.

மார்ச் 17இல் 1973ஆம் எண் தீர்மானம் வந்தது. 10 நாடுகள் ஆதரவு, 5 நாடுகள் நடுநிலை, எதிர்ப்பு எதுவும் இல்லை. பொதுமக்களைக் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கையும் எடுக்கலாம், ஆனால் எந்த வடிவிலும் ஆக்கிரமிப்புப் படை லிபிய மண்ணில் இறங்கக் கூடாது என்றது தீர்மானம். ஆட்சியை மாற்றலாம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. மார்ச் 19இல் கடாபியின் டாங்கிகள் பெங்காசியின் விளிம்புக்கு வந்தபோது பிரெஞ்சு விமானங்கள் தாக்கின. மாத இறுதியில் நேட்டோ முழுப் பொறுப்பை எடுத்துக்கொண்டது.

இந்தியா என்ன பண்ணுச்சு?

அப்போது பாதுகாப்பு கவுன்சிலில் தற்காலிக உறுப்பினராக இருந்தது. சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனியோடு சேர்ந்து வாக்கெடுப்பில் நடுநிலை வகித்தது. களத்தில் என்ன நடக்கிறது என்று நம்பகமான தகவலே இல்லை, யார் எப்படித் தாக்கப்போகிறார்கள் என்பதும் தெளிவில்லை என்பது இந்தியாவின் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் எதிர்த்து வாக்களிக்கும் துணிவு யாருக்கும் வரவில்லை, பெங்காசி விழப்போகிறது என்ற பதற்றம் அப்படி.

நமக்கு இன்னொரு கவலையும் இருந்தது. லிபியாவில் அப்போது சுமார் 18,000 இந்தியர்கள் இருந்தார்கள், கட்டுமானத் தொழிலாளர்கள், செவிலியர்கள், எண்ணெய் நிறுவன ஊழியர்கள். ஏர் இந்தியா விமானங்கள், கடற்படைக் கப்பல்களான ஐ.என்.எஸ். ஜலாஷ்வா, ஐ.என்.எஸ். மைசூர், வாடகைக்கு எடுத்த ஸ்கோஷியா பிரின்ஸ் கப்பல் என்று கிடைத்ததையெல்லாம் வைத்து 15,000க்கும் மேற்பட்டவர்களை அரசு மீட்டது. குண்டுவீச்சு தொடங்கும் முன்பே இதில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. நல்ல வேலை.

பெங்காசியில் படுகொலை நடந்திருக்கும் என்பது உண்மையா, இல்லை கட்டிவிட்ட கதையா?

இதுதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேரான கேள்வி. கடாபி பிப்ரவரி 22இல் தொலைக்காட்சியில், வீடு வீடாக, சந்து சந்தாகத் தேடி வருவேன் என்றார். மார்ச் 17இல் வானொலியில், இரக்கமே காட்ட மாட்டோம் என்றார். ஆனால் அதே பேச்சில், ஆயுதத்தைப் போடுகிறவர்களுக்கு மன்னிப்பு உண்டு என்றும் சொன்னார். அந்தப் பாதியை மேற்கு நாடுகள் அதிகம் பேசவில்லை. 2016இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழு, பொதுமக்களுக்கு இருந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்றே அறிக்கை கொடுத்தது.

அந்த அறிக்கையைக் காட்டி ஆபத்தே இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மிஸ்ரட்டா நகரத்தைக் கடாபியின் படை மாதக்கணக்கில் முற்றுகையிட்டு, குடியிருப்புகள்மேல் குண்டு பொழிந்தது. கொத்துக் குண்டுகளும் வீசியது. அபு சலீமில் என்ன செய்தார்கள் என்று மேலே பார்த்தோம். பெங்காசியில் ஏழு லட்சம் பேரையும் கொல்லப்போகிறார்கள் என்பது மிகை. பழிவாங்கல் பெரிய அளவில் நடந்திருக்கும் என்பது நியாயமான பயம். மார்ச் 19இல் அந்த டாங்கிகளை நிறுத்தியது சரி என்றே நான் நினைக்கிறேன். கோளாறு அடுத்து நடந்ததில்.

காப்பாற்ற வந்தவங்க ஆட்சியைக் கவிழ்த்தது எப்படி?

படிப்படியாக. பெங்காசி பிழைத்த பிறகு ஏப்ரல் 10இல் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் குழு திரிபோலிக்குப் போனது. தென்னாப்பிரிக்க அதிபர் ஜேக்கப் சுமா அதில் இருந்தார். போர்நிறுத்தம், உதவிப் பொருள்கள், பேச்சுவார்த்தை, ஆட்சி மாற்றத்துக்கான இடைக்காலம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். கடாபி ஒப்புக்கொண்டதாக அறிவித்தார்கள். மறுநாள் பெங்காசி போனார்கள். கடாபியும் மகன்களும் போகாத எந்தத் திட்டமும் வேண்டாம் என்று கிளர்ச்சியாளர்கள் மறுத்துவிட்டார்கள். அவர்கள் கோபம் புரிகிறது. கடாபி பல போர்நிறுத்தங்களை அறிவித்து அன்றே மீறியவர்தான். ஆனால் தலைக்குமேல் நேட்டோ விமானம் பறக்கும்போது கிளர்ச்சியாளர்களுக்குப் பேசவேண்டிய அவசியமே இல்லாமல் போனது என்பதும் உண்மை.

நான்கு நாள் கழித்து அமெரிக்க அதிபர் ஒபாமா, பிரிட்டிஷ் பிரதமர் கேமரன், பிரெஞ்சு அதிபர் சர்கோசி மூவரும் கூட்டாக ஒரு கட்டுரை எழுதினார்கள். தீர்மானத்தின் நோக்கம் கடாபியை அகற்றுவது இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஆனால் அவர் அதிகாரத்தில் இருக்கும் லிபியாவைக் கற்பனை செய்யவே முடியாது என்றார்கள். அந்த இடத்தில் பாதுகாப்புப் பணி போராக மாறிவிட்டது. அதற்குப் பிறகு கிளர்ச்சியாளர்கள் முன்னேறும் திசையில் குண்டுகள் விழுந்தன. ஆகஸ்டில் திரிபோலி விழுந்தது. கடாபியின் சொந்த ஊரான சிர்ட்டேயில் யாரையும் தாக்கும் நிலையில் அவர் இல்லை, தப்பிக்கப் பார்த்தார். அக்டோபர் 20இல் அவருடைய வாகன வரிசையை நேட்டோ விமானங்கள் தாக்கின, மிச்சத்தைக் கிளர்ச்சியாளர்கள் முடித்தார்கள். விசாரணை இல்லை, நீதிமன்றம் இல்லை. அபு சலீம் குடும்பங்களுக்குக் கூண்டில் நின்று அவர் சொல்லியிருக்க வேண்டிய பதில் அன்றோடு போனது.

தரைப்படையே இறங்கலையே, அதை எப்படிப் படையெடுப்புன்னு சொல்றீங்க?

பெரிய படைப்பிரிவு எதுவும் இறங்கவில்லை என்பது சரி. ஏழு மாதத்தில் நேட்டோ விமானங்கள் 26,000 முறைக்கு மேல் பறந்தன. அதில் தாக்குதலுக்கான பயணங்கள் மட்டும் 9,700 அளவில். மேற்கு மலைப்பகுதிக் கிளர்ச்சியாளர்களுக்கு வானிலிருந்து ஆயுதம் போட்டதைப் பிரான்ஸ் ஜூனில் ஒப்புக்கொண்டது. தன்னுடைய வீரர்கள் நூற்றுக்கணக்கில் களத்தில் இருந்ததாகப் போர் முடிந்ததும் கத்தார் ராணுவத் தளபதியே சொன்னார். 1970ஆம் தீர்மானத்தின் ஆயுதத் தடை இருக்கும்போதே இது நடந்தது. படையெடுப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரு தரப்பின் விமானப்படையாக ஆகிவிட்டார்கள் என்கிறேன்.

நேட்டோ குண்டுல பொதுமக்கள் யாரும் சாகலையா?

செத்தார்கள். எட்டு இடங்களை நேரில் ஆய்வு செய்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 72 பொதுமக்களின் சாவைப் பதிவு செய்தது. அதில் 24 பேர் குழந்தைகள். மிக மோசமானது 2011 ஆகஸ்ட் 8இல் மஜெர் கிராமத்தில் நடந்தது. முதல் குண்டில் சிக்கியவர்களை மீட்க ஓடிவந்தவர்கள்மேல் அடுத்த குண்டு விழுந்தது, 34 பேர் இறந்தார்கள்.

இவ்வளவு குண்டு போட்டதற்கு இது குறைவு என்று வாதிடுவார்கள். எண்ணிக்கையில் குறைவுதான். என் வருத்தம் வேறு. பொதுமக்களைக் காப்பதற்காகவே வந்ததாகச் சொன்ன படை, போர் முடிந்த பிறகு அந்த இடங்களுக்குப் போய் முறையாக விசாரிக்கவில்லை, குடும்பங்களுக்கு இழப்பீடும் தரவில்லை.

எல்லாம் எண்ணெய்க்கும் தங்க தினாருக்கும்தானே?

எண்ணெய்க் கணக்கு யார் மனதிலும் இல்லை என்று சொன்னால் நம்ப முடியாது. ஆனால் எண்ணெய் எடுக்கப் போர் தேவைப்படவில்லை. 2011க்கு முன்பே இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின், அமெரிக்க நிறுவனங்கள் அங்கே எண்ணெய் எடுத்துக்கொண்டுதான் இருந்தன. கடாபியோடு வியாபாரம் நன்றாகவே நடந்தது. போரால் உற்பத்திதான் படுத்தது.

தங்க தினார் கதைக்குப் பெரும்பாலும் காட்டப்படும் ஆதாரம் 2011 ஏப்ரலில் அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டனுக்கு அவருடைய நண்பர் சிட்னி புளூமெந்தால் அனுப்பிய மின்னஞ்சல். கடாபியிடம் 143 டன் தங்கம் இருக்கிறது, அதை வைத்து ஆப்பிரிக்க நாணயம் கொண்டுவரப் பார்த்தார், அதனால்தான் சர்கோசி இறங்கினார் என்று பெயர் சொல்லாத ஆட்களை மேற்கோள் காட்டி அவர் எழுதினார். ஒருவர் கேள்விப்பட்டதை இன்னொருவருக்கு எழுதியது அது, அதற்குமேல் அதில் எடை இல்லை. சர்கோசிமேல் சந்தேகப்பட இதைவிடக் கனமான காரணம் இருக்கிறது. 2007 தேர்தலுக்குக் கடாபியிடம் பணம் வாங்க முயன்ற சதி வழக்கில் 2025 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறை விதித்தது. அவர் மறுக்கிறார், மேல்முறையீடும் செய்தார்.

கடாபி போன பிறகாவது நாடு ஏன் ஒண்ணுசேரலை?

சேர்ந்துவிடும் போலத்தான் இருந்தது. 2012 ஜூலையில் தேர்தல் நடந்தது, மக்கள் ஆர்வமாக வரிசையில் நின்று வாக்களித்தார்கள். ஆனால் துப்பாக்கி அரசிடம் இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஓர் ஆயுதக்குழு. ராணுவம் பலமானால் தன்னைக் கவிழ்த்துவிடும் என்று கடாபி அதை வேண்டுமென்றே பலவீனமாக வைத்திருந்தார், அதனால் குழுக்களை அடக்க ஆளில்லை. புதிய அரசு அவர்களைக் கலைப்பதற்குப் பதில் சம்பளம் கொடுத்தது. சம்பளம் வருகிறது என்றதும் குழுக்கள் பெருகின. 2013 அக்டோபரில் பிரதமர் அலி ஸைதானையே ஹோட்டலிலிருந்து ஒரு குழு சில மணி நேரம் தூக்கிக்கொண்டு போனது.

பழிவாங்கலும் நடந்தது. கடாபி பக்கம் நின்றதாகச் சொல்லித் தவர்கா நகரத்தின் சுமார் 40,000 பேரை, பெரும்பாலும் கறுப்பின லிபியர்கள், மிஸ்ரட்டா குழுக்கள் விரட்டி அடித்தன. ஊரே காலியானது. முற்றுகையில் வதைபட்ட அதே மிஸ்ரட்டா. பொதுமக்களைக் காக்கும் தீர்மானம் இவர்களுக்கும் பொருந்தியிருக்க வேண்டும். நேட்டோ 2011 அக்டோபர் 31இலேயே வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டது.

ஹஃப்தார் யாரு? அவர் எங்கிருந்து வந்தார்?

கலீஃபா ஹஃப்தார் 1969 புரட்சியில் கடாபியோடு நின்ற அதிகாரி. 1987இல் சாட் நாட்டோடு நடந்த போரில் பிடிபட்டார், கடாபி கைவிட்டதும் எதிரியானார், அமெரிக்காவில் இருபது ஆண்டுகள்போல் வாழ்ந்தார். 2011இல் திரும்பினார். 2014 மே மாதம் பெங்காசியில் இஸ்லாமியவாதக் குழுக்களுக்கு எதிராகப் போர் அறிவித்தார். அதே ஆண்டு தேர்வான நாடாளுமன்றம் திரிபோலியில் இருக்க முடியாமல் கிழக்கே தப்ருக் நகருக்குப் போய் அவரை ஆதரித்தது. அன்றிலிருந்து இரண்டு அரசு.

இரண்டாவது தலையீடுன்னு சொன்னீங்களே, அது என்ன?

2015 டிசம்பரில் ஐ.நா. முயற்சியில் ஓர் ஒப்பந்தம் வந்து, ஃபயஸ் அல் சர்ராஜ் தலைமையில் திரிபோலியில் ஓர் அரசு அமைந்தது. ஐ.நா. அங்கீகரித்தது அதைத்தான். 2019 ஏப்ரல் 4இல், ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரெஸ் லிபியாவில் இருக்கும்போதே, ஹஃப்தார் திரிபோலிமேல் படையெடுத்தார். இன்னும் பத்து நாளில் தேசிய மாநாடு கூடவேண்டியிருந்தது. எல்லாம் வீணானது. சில நாளில் அமெரிக்க அதிபர் டிரம்ப் ஹஃப்தாரைத் தொலைபேசியில் அழைத்துப் பாராட்டும் தொனியில் பேசினார்.

ஹஃப்தார் பின்னால் ஐக்கிய அரபு அமீரகம், எகிப்து, ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை. பிரான்ஸ் வாங்கிய அமெரிக்க ஏவுகணைகள் அவருடைய முகாமில் கிடைத்தன. திரிபோலி பக்கம் துருக்கி, கத்தார். 2020 ஜனவரி 2இல் துருக்கி நாடாளுமன்றம் படை அனுப்ப ஒப்புதல் கொடுத்தது. துருக்கியின் ட்ரோன்களும், அது அழைத்துவந்த ஆயிரக்கணக்கான சிரியப் போராளிகளும் நிலைமையைத் திருப்பினார்கள். அதாவது, சிரியாவில் வேலையும் வீடும் இழந்த இளைஞர்கள் சம்பளத்துக்காக இன்னொரு நாட்டின் உள்நாட்டுப் போரில் செத்தார்கள். ரஷ்யாவும் தன் பங்குக்குச் சிரியர்களைக் கொண்டுவந்தது. சிரியர்கள் இரண்டு பக்கமும்.

ஜூனில் ஹஃப்தார் படை பின்வாங்கியது. அவருடைய கூட்டாளிகள் வைத்திருந்த தர்ஹூனா ஊரில் தோண்டத் தோண்டப் பிணங்கள் வந்தன. எகிப்து அதிபர் சிசி, சிர்ட்டேயைத் தாண்டினால் நாங்கள் இறங்குவோம் என்றார். அந்தக் கோட்டில் போர் நின்றது. அக்டோபர் 23இல் ஜெனீவாவில் போர்நிறுத்தம் கையெழுத்தானது.

ஆயுதத் தடை அப்பவும் இருந்ததுதானே? ஐ.நா. ஏன் தடுக்கலை?

இருந்தது, 2011 பிப்ரவரியிலிருந்தே. அதை மீறியவர்களின் பட்டியலை ஐ.நா. நிபுணர் குழு ஆண்டுதோறும் விமான எண், கப்பல் பெயரோடு எழுதிக்கொண்டே வந்தது. 2020 ஜனவரியில் பெர்லினில் இந்த நாடுகளின் தலைவர்களே கூடி, இனிமேல் தலையிட மாட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆயுத விமானங்கள் நிற்கவில்லை. ஐ.நா. தூதர் கசான் சலாமே மார்ச்சில் பதவி விலகினார். ஆண்டு இறுதியில் அங்கே 20,000 வெளிநாட்டுப் படையினரும் கூலிப்படையினரும் இருப்பதாக அவருக்கு அடுத்துப் பொறுப்பேற்ற ஸ்டெஃபனி வில்லியம்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். தடையை மீறுகிறவர்களில் பாதுகாப்பு கவுன்சிலின் நிரந்தர உறுப்பினர்களும் அவர்களின் நெருங்கிய நண்பர்களும் இருக்கும்போது யார் யாரைத் தண்டிப்பது?

டெர்னா வெள்ளத்துக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்? அது இயற்கைதானே?

புயல் இயற்கை. 2023 செப்டம்பர் 10 இரவு டெர்னா நகருக்கு மேலே இருந்த இரண்டு அணைகள் உடைந்தது இயற்கை இல்லை. 1970களில் கட்டியவை, விரிசல் இருப்பது தெரியும், பழுது பார்க்கும் வேலை தொடங்கி 2011 போரால் நின்றது. அதற்குப் பிறகு எந்த அரசும் அதை முடிக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டார்கள். போரில் செத்தவர்கள் பட்டியலில் இவர்கள் வர மாட்டார்கள். என் கணக்கில் வருவார்கள்.

அப்போ யாரும் தலையிடவே கூடாதா? ருவாண்டா மாதிரி பார்த்துக்கிட்டு நிக்கணுமா?

1994இல் ருவாண்டாவில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டபோது உலகம் தன் ஆட்களை மட்டும் மீட்டுக்கொண்டு வந்தது. அது வெட்கக்கேடு. தலையிடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், பெங்காசியைப் பற்றி மேலே எழுதியதிலேயே அது தெரியும். 2000இல் சியரா லியோனில் பிரிட்டிஷ் படை இறங்கி, தலைநகரைப் பிடிக்கவந்த கிளர்ச்சிப் படையைத் தடுத்தது. அங்கே ஏற்கெனவே ஐ.நா. அமைதிப்படை இருந்தது, தேர்வான அரசு இருந்தது, அதன் ராணுவத்துக்குப் பயிற்சி கொடுக்கப் பிரிட்டன் பிறகும் தங்கியது. இரண்டு ஆண்டில் போர் முடிந்தது.

எனக்குத் தலையிடுகிறவர்களிடம் கேட்க மூன்று கேள்விகள் உண்டு. கொலையைத் தடுத்ததும் நிறுத்திப் பேசுவீர்களா? ஆட்சி விழுந்தால் மறுநாள் காலையில் துப்பாக்கிகளை யார் வாங்கி வைப்பது? நீங்கள் ஆதரிக்கிற தரப்பு கொல்ல ஆரம்பித்தால் அவர்களையும் தடுப்பீர்களா? லிபியாவில் மூன்றுக்குமே பதில் இல்லை. அதன் விலையை லிபியர்கள் மட்டும் கொடுக்கவில்லை. கடாபிக்காகச் சண்டை போட்ட, சஹாராவின் துவாரெக் இனத்து வீரர்கள் ஆயுதங்களோடு மாலி நாட்டுக்குத் திரும்பினார்கள், 2012இல் அங்கே போர் வெடித்தது. 1973ஆம் தீர்மானத்தை எப்படி நீட்டினார்கள் என்று பார்த்த ரஷ்யாவும் சீனாவும் 2011 அக்டோபரிலேயே சிரியா தீர்மானத்துக்கு வீட்டோ போட்டன. சிரியாவைக் காப்பாற்ற ரஷ்யாவுக்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் லிபியா நல்ல சாக்காகக் கிடைத்தது.

கடாபியே இருந்திருந்தால் இதைவிட நல்லா இருந்திருக்குமே?

லிபியர்கள் சிலரே இப்படிச் சொல்கிறார்கள், அவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. வெளியிலிருந்து நாம் சொல்லும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். 2011 மார்ச்சில் பழைய லிபியா ஏற்கெனவே உடைந்துவிட்டது. நாட்டின் பாதி அவர் கையில் இல்லை. நேட்டோ வராமல் இருந்தால் அமைதி தொடர்ந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, சிரியாவில் அப்படியே நடந்த நீண்ட போரையும் பார்த்தோம். நேட்டோவா கடாபியா என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேள்வியை வைப்பதே எனக்குச் சம்மதமில்லை. நடுவில் ஏப்ரல் மாதத்துப் பேச்சுவார்த்தை இருந்தது. மெலிந்த வாய்ப்புதான், ஆனால் அதை முழுதாக முயன்று பார்க்கவே இல்லை.

இப்போ நிலைமை எப்படி?

2020 போர்நிறுத்தம் பெருமளவு நிற்கிறது. 2021இல் அப்துல் ஹமீத் துபைபா தலைமையில் ஓர் ஒற்றுமை அரசு வந்தது, அந்த டிசம்பர் 24இல் நடக்கவேண்டிய தேர்தல் நடக்கவே இல்லை. மேற்கில் துபைபா, கிழக்கில் ஹஃப்தாரும் மகன்களும் என்று நிலைத்துவிட்டது. 2025 மே மாதம் ஓர் ஆயுதக்குழுத் தலைவர் கொல்லப்பட்டதும் திரிபோலித் தெருக்களில் மறுபடி சண்டை மூண்டது. துருக்கிப் படையும் ரஷ்யப் படையும் இரண்டு பக்கமும் அப்படியே இருக்கின்றன.

இதுக்கெல்லாம் யாராவது பதில் சொன்னாங்களா?

கொஞ்சம். லிபியாவில் கடாபிக்குப் பிந்தைய நாளுக்குத் திட்டமிடாததே தன் பதவிக்காலத்தின் மோசமான பிழை என்று 2016இல் ஒபாமா சொன்னார். முன்பு குறிப்பிட்ட பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு, மக்களைக் காக்கும் வேலை ஆட்சிக் கவிழ்ப்பாக நழுவியது என்றும், லிபியாவுக்கு ஒரு தெளிவான திட்டம் இல்லாமல் போனதற்குக் கேமரனே பொறுப்பு என்றும் சொன்னது. அந்தக் குழு சாட்சி சொல்ல அழைத்தபோது அவர் வரவில்லை. தர்ஹூனா கொலைகளுக்காக ஆறு பேர்மீதான பிடியாணையைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024 அக்டோபரில் வெளியிட்டது.

ஆயுதம் அனுப்பிய எந்த நாட்டின்மீதும் வழக்கு இல்லை. 2020 ஜனவரியில் திரிபோலி ராணுவக் கல்லூரியில் 26 பயிற்சி வீரர்களைக் கொன்ற ட்ரோன் அமீரகத்துடையது என்று பிபிசி புலனாய்வு காட்டிய பிறகும் இல்லை. மஜெர் கிராமத்துக் குடும்பங்களுக்கு நேட்டோவிடமிருந்து இழப்பீடும் இல்லை, விசாரணையும் இல்லை.